இடம் மாறும் கோளாறு

பத்தாயிரத்து எண்ணூறு லிட்டர். பேருந்து நிலையத்தின் ஆண்கள் கழிப்பறையில் வரிசையாக இருக்கும் பதினெட்டு சிறுநீர் பேசின்களைக் கழுவ ஒரு நாளைக்குச் செலவான தண்ணீர் அது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அதே அளவுதான். சுவரின் உச்சியில் மூன்று தொட்டிகள் உட்கார்ந்திருந்தன. ஆறு பேசினுக்கு ஒரு தொட்டி. எட்டு நிமிடத்தில் ஒழுகி ஒழுகி நிறையும், நிறைந்ததும் இருபது லிட்டரையும் தானாகவே கொட்டித் தீர்க்கும். கடைசிப் பேருந்து போய், ஈ காக்கை இல்லாத நேரத்திலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை வெறும் பீங்கானைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தொட்டிகளை முப்பத்தொரு வருடம் பராமரித்தவரும், கடைசியில் ஸ்பேனர் போட்டுக் கழற்றி இறக்கியவரும் ஒரே ஆள்: நிலையத்தின் பைப் ஃபிட்டர். வயது ஐம்பத்தேழு. நிலையம் முழுக்க அவருக்குப் பெயர் வாஷர். சட்டைப் பையில் பேனா இருக்காது. ரப்பர் வாஷர் ஏழெட்டு எப்போதும் இருக்கும். டீக்குச் சில்லறை எடுக்கக் கையை விட்டால் முதலில் வாஷர்தான் வெளியே வரும். "இது செல்லாதுண்ணே" என்று டீக்கடைக்காரர் தினமும் சொல்வார். தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

தொட்டிகளுக்குப் பதிலாக ஒவ்வொரு பேசினுக்கு மேலும் ஒரு எவர்சில்வர் தகடு வந்தது. தகட்டின் நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதைப் பார்த்த முதல் நாளே துப்புரவு மேஸ்திரியம்மா வாசலில் நின்றுவிட்டார்.

"இது என்ன, கேமராவா? எங்க பொம்பளைங்க உள்ள போய்க் கழுவுறாங்க. படம் பிடிக்குமா?"

"படமெல்லாம் பிடிக்காதும்மா," என்றார் வாஷர். "டார்ச் அடிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் அனுப்புது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. முன்னால ஆள் நின்னா, உடம்புல பட்டுத் திரும்பி வரும். ஏழு செகண்டு தொடர்ந்து திரும்பி வந்தா, சரி, ஆள் வந்திருக்கான்னு வச்சுக்கும். வெளிச்சம் திரும்பி வரலைன்னா, ஆள் போயிட்டான்னு அர்த்தம். உடனே வால்வைத் திறந்து ஒரு லிட்டர் விடும். அவ்வளவுதான்."

"சும்மா குறுக்க நடந்து போனா?"

"ஏழு செகண்டு நிக்கலையே. கண்டுக்காது."

"பரவாயில்ல. எங்க மேனேஜரைவிட விவரமா இருக்கு."

வாஷருக்கு அந்தச் சாதனத்தின்மீது ஒரு பிரியமே வந்துவிட்டது. தொட்டி குருட்டுத்தனமாகக் கொட்டும். இது பார்த்துக் கொட்டுகிறது. முதல் நாலு நாள் கணக்கில் தினசரிச் செலவு நாலாயிரம் லிட்டருக்கு இறங்கியிருந்தது. பாதிக்கும் குறைவு. அந்தத் தாளை அவர் வீட்டுக்கே கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். தையல் மெஷினை நிறுத்தாமலேயே மனைவி அதைப் பார்த்தார்.

"நல்லதுதான். ராத்திரி அஞ்சு தடவை எழுந்திரிக்கிற மனுஷனுக்கும் ஒரு கணக்கு எடுக்கச் சொல்லுங்க."

"வயசானா அப்படித்தான்."

"ஊர்ல யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் ஓடுவீங்க. உங்க குழாய்க்கு மட்டும் வயசு மேல பழியைப் போடுங்க."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆறேழு மாதமாகவே அப்படித்தான் இருந்தது. அடிக்கடி முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் வராது. நின்று, மூச்சைப் பிடித்து, ஒரு கால் மாற்றி மறு கால் ஊன்றி, அரை அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, நாலைந்து நிமிடம் மல்லுக்கட்டினால் நூல் போலக் கொஞ்சம் வரும். முக்கால் மணி நேரத்தில் மறுபடி முட்டும்.

மருத்துவரிடம் போகாததற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நிலையத்து எலக்ட்ரீஷியன் குடலிறக்கம் என்று ஒரு மருத்துவச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளே அவருடைய கருவிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, இலகுவான வேலை என்று சாமான் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். இருபது வருடம் ஏணிமேல் நின்ற மனிதர். இப்போது பெட்டிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். பார்க்கும்போதெல்லாம், "வா வாஷரு, உக்காரு" என்று பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டுவார். வாஷர் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

கழிப்பறைகளுக்குப் பொறுப்பான தண்ணீர்ச் சேமிப்புப் பொறியாளர் முப்பது வயதுப் பெண். எல்லோருக்கும் அவர் தண்ணி மேடம். ஆண்கள் கழிப்பறைக்குள் வர முடியாதென்பதால், வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மடியில் டேப்லெட்டை வைத்திருப்பார். எந்தப் பேசின் எப்போது தண்ணீர் விட்டது என்பதெல்லாம் அதில் வந்து விழும். சோதனைக் காலம் முப்பது நாள். பதினெட்டும் ஒழுங்காக ஓடினால் நிலையத்தின் மற்ற நாலு கழிப்பறைகளிலும் இதே ஏற்பாடு. பராமரிப்பு வாஷர் கையில். ஓடாவிட்டால் பழைய தொட்டிகளை மறுபடி ஏற்றிவிடுவார்கள். அவை இன்னும் குடோனில்தான் கிடந்தன.

ஆறாம் நாள் தண்ணி மேடம் அவரைக் கூப்பிட்டார்.

"வாஷர் அண்ணே, பதினெட்டாம் நம்பர் தினமும் நூறு லிட்டர் அதிகமா விடுது. மத்ததெல்லாம் இருநூத்தி இருபதுல நிக்குது. இது முந்நூத்தி இருபது."

பதினெட்டு மூலையில் இருப்பது. பக்கத்திலேயே பைப் பெட்டி. வாஷர் எப்போதும் அங்கேதான் ஒதுங்குவார். கதவு உள்ள அறைக்குப் போனால் வெளியே வரிசை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை கதவைச் சாத்தினால் வயிறு சரியில்லையா என்று ஆள் ஆளுக்கு விசாரிப்பார்கள். மூலையில் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஃபிட்டர் ஏதோ பார்க்கிறார் என்று போய்விடுவார்கள்.

அன்று அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தகட்டைக் கழற்றினார், கண்ணாடியைத் துடைத்தார், எதிர்ச்சுவரில் பளபளப்பாக ஏதாவது இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதா என்று பார்த்தார். ஏழு விநாடி நின்று விலகினார். ஒரு லிட்டர். பத்து முறை நின்றார், பத்து முறையும் ஒரு லிட்டர்.

"சோதிச்சுப் பாத்தா ஒழுங்கா இருக்கு மேடம். நம்ம இல்லாதப்ப சேட்டை பண்ணுது."

"அப்ப மாத்திடுங்க."

ஒன்பதாம் நாள் புது சென்சார் மாட்டினார். பத்தாம் நாள் முந்நூற்று இருபது. சாதனத்தை விற்ற கம்பெனியின் ஆள் வந்து வால்வையும் மாற்றினார். பதினொன்றாம் நாள் முந்நூற்று முப்பது.

பன்னிரண்டாம் நாள் தண்ணி மேடம் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "நேரத்தைப் பாருங்கண்ணே. நாள் பூரா ஒழுங்கா இருக்கு. திடீர்னு நாலு நிமிஷத்துல எட்டுத் தடவை தண்ணி விடுது. அப்புறம் சாதுவாயிடுது. மறுபடி முக்கால் மணி நேரம் கழிச்சு எட்டுத் தடவை."

வாஷர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையைப் படித்தார். ஆறு பத்து. ஆறு ஐம்பத்தைந்து. ஏழே முக்கால். எட்டு இருபத்தைந்து. எட்டரைக்கு டீ, அதனால் எட்டு ஐம்பதுக்கே ஒன்று, ஒன்பது இருபதுக்கு இன்னொன்று. ஒன்பது இருபதுக்குத் தான் எங்கே நின்றோம் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேலும் கீழும் அந்தப் பட்டியலில் இருந்தது அவருடைய நாள்தான், ஒன்றுவிடாமல். நிற்கிறார், ஏழு விநாடி, ஆள் வந்திருக்கிறான். அரை அடி பின்னால் போகிறார், ஆள் போய்விட்டான், ஒரு லிட்டர். முன்னால் வருகிறார்; புது ஆள். அந்தக் கறுப்புக் கண்ணாடி ஒரே மனிதரை எட்டுப் பேராக எண்ணியிருந்தது.

"ஏதாவது புரியுதாண்ணே?"

"பாக்குறேன் மேடம்," என்றார். அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

அன்றிலிருந்து அவர் மூலைக்குப் போகவில்லை. ஆறு பத்துக்கு ஒன்றாம் நம்பர், ஆறு ஐம்பத்தைந்துக்கு இரண்டாம் நம்பர், அடுத்து மூன்று. நகராமல் நிற்கவும் முயன்றார். முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, சிலை மாதிரி நின்றார். உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. கால் தானாகப் பின்னால் போனது, உடனே ஒரு லிட்டர் சலசலவென்று இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். ஆனாலும் நூறு லிட்டர் பதினெட்டாகப் பிரிந்தது. பேசினுக்கு ஐந்தாறு லிட்டர்; யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த பத்து நாள் கணக்கு அழகாக இருந்தது. தண்ணி மேடம்கூட, "வால்வு மாத்தினது வேலை செஞ்சிருக்கு" என்றார்.

இருபத்துமூன்றாம் நாள் மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார். வாஷருக்கு அதுவே நல்லதாகப் படவில்லை.

"அண்ணே, கோளாறு சரியாகல. நடக்குது."

"நடக்குதா?"

"ஒண்ணுல ஆரம்பிச்சு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா இடம் மாறுது. காலைல ஆறுக்கு மேலதான் வருது, மதியம் ரெண்டுக்கு மேல வர்றதில்ல. புதன்கிழமை லீவு எடுத்துக்குது." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். "புதன்கிழமை உங்களுக்குத்தானே லீவு?"

வாஷர் தரையைப் பார்த்தார். டைல்ஸ் இடுக்கில் ஒரு பஸ் டிக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? பழைய ஃபிட்டருங்க புது மெஷினை வாழ விட மாட்டாங்களாம். பின்னால இருக்கிற டெஸ்ட் பட்டனை நீங்கதான் அமுக்கி விடுறீங்கன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நான் நம்பல. ஆனா என்கிட்ட வேற காரணமும் இல்ல. ஏதாவது இருந்தா சொல்லுங்கண்ணே."

மகள் வயதுப் பெண். வாசலில் போவோர் வருவோர். பத்தடி தள்ளிச் சாமான் அறையில் எலக்ட்ரீஷியன் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. வாஷர் அதைத் தொண்டை வரை கொண்டுவந்தார்.

"டெஸ்ட் பட்டனை நான் தொடல மேடம்," என்றார் கடைசியில். அது உண்மை. அதற்கு மேல் வாய் வரவில்லை.

இருபத்துநாலாம் நாள் அவர் ஒரு முடிவோடு வேலைக்கு வந்தார். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை எந்தப் பேசின் முன்னாலும் நிற்பதில்லை. டீயை விட்டார். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டார். தடுமன் வேறு, மூக்கு அடைத்திருந்தது. வருகிற வழியில் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தார்.

ஒன்பது மணிக்குத் தாங்க முடிந்தது. பத்தரைக்கு அவர் பெண்கள் கழிப்பறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. பதினொன்றரைக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெளியூர்ப் பேருந்துகள் ஒரே நேரத்தில் ஏழு வந்து நின்று, கூட்டம் அப்படியே உள்ளே புகுந்தபோது, வாஷர் அந்தக் கூட்டத்தோடு ஓடிப்போய் மூலையில், பதினெட்டாம் நம்பர் முன்னால் நின்றார்.

வரவில்லை. ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அடிவயிறு கல்லாக இருந்தது. அவர் முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார், பைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். மேலே தண்ணீர் விட்டது. மறுபடி விட்டது.

"அண்ணே, அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர். "வாடகை எவ்வளவுன்னு கேளு" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மறுபடி தண்ணீர் விட்டது.

வெளியே தண்ணி மேடம் எழுந்து நின்றுவிட்டார். டேப்லெட்டில் பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது: ஒன்பது, பத்து, பதினொன்று. "மேஸ்திரியம்மா, சீக்கிரம் உள்ள போங்க. பதினெட்டுல இப்ப யார் நிக்கிறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க. என்ன பண்றாங்கன்னு பாருங்க."

மேஸ்திரியம்மா துடைப்பத்தை முன்னால் நீட்டி, "வழி, வழி, தண்ணி ஊத்தணும்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற முதுகைப் பார்த்தார். வாஷர் தலையை மட்டும் திருப்பினார்.

"அடைச்சுக்கிச்சும்மா," என்றார். "ஒண்ணும் வரல."

மேஸ்திரியம்மா ஒரு விநாடி பேசின் மேலிருந்த தகட்டைப் பார்த்தார், அவருடைய கால்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு திரும்பி, அந்தக் கழிப்பறையே அதிரும்படி, "சிரிச்சது போதும், ரெண்டு ஆம்பளைங்க வந்து இவரைப் பிடிங்க" என்றார்.

வாடகை கேட்டவர்தான் முதலில் வந்து தோளைக் கொடுத்தார்.

மருத்துவமனையில் குழாய் செருகி ஒன்றே கால் லிட்டர் எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் வழியை நெருக்கியிருக்கிறது, தடுமன் மாத்திரை மீதி இருந்த இடைவெளியையும் அடைத்துவிட்டது, அடக்கி வைத்தது அதற்கும் மேல் கேடு என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை ஆகும்வரை குழாயும் பையும் கூடவே இருக்க வேண்டும். பார்க்க வந்த மேஸ்திரியம்மா, "பைப் ஃபிட்டருக்கே பைப் போட்டுட்டாங்க. இனிமே உங்களைக் கழற்றி மாட்ட வேற ஆள்தான் வரணும்" என்றார். வாஷரின் மனைவி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

முப்பதாம் நாள் காலை தண்ணி மேடம் வீட்டுக்கே வந்தார். முன்னறையில் பாதி இடம் தையல் மெஷினுக்கு. மீதி இடத்தில் வாஷர் கட்டிலில் உட்கார்ந்து, பையின்மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அறிக்கை இன்னைக்குச் சாயங்காலம் போகணும்ணே," என்றார் மேடம். "நீங்க வராத அஞ்சு நாளும் பதினெட்டும் ஒழுங்கா ஓடியிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியும். மேஸ்திரியம்மா சொல்லல, நானாப் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா இருபத்துநாலு நாள் கோளாறுக்குக் காரணம் எழுதாம அனுப்ப முடியாது."

"என்ன எழுதலாம்?"

"சென்சார் சரியில்லன்னு எழுதலாம். உங்க பேர் எங்கயும் வராது. தொட்டியை மறுபடி ஏத்திடுவாங்க. நீங்க குணமாகி வந்து பழைய வேலையைப் பாக்கலாம். இல்லன்னா நடந்தது என்னன்னு எழுதணும். மருத்துவச் சீட்டும் சேர்த்து வைக்கணும். அப்புறம் அவங்க உங்களை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். என் கையில இல்ல."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியின் கால் நின்றது. "ஏங்க, ரிட்டயராக மூணு வருஷம்தான் இருக்கு. மெஷின் மேல போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? அதுக்கு வாயா இருக்கு?"

சென்சார் கெட்டது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கத்தான் வாஷர் முயன்றார். ஏழு விநாடி நின்று விலகி, பத்து முறையும் ஒரே அளவாக விட்ட தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. அதில் எதைக் கோளாறு என்று காட்டுவது? பொய் சொல்லவாவது ஒரு இடுக்கு வேண்டும். அதில் ஒரு இடுக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

"மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சுது மேடம்," என்றார். "நின்னேன், நின்னான்னு சொல்லுச்சு. நகர்ந்தேன், நகர்ந்தான்னு சொல்லுச்சு. அதை எப்படிக் கெட்டதுன்னு எழுதச் சொல்றது?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன். இப்பவே எழுதிக்கங்க."

மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. மேடம் எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டபோது வாஷர் சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை, மேடம்தான் கொடுத்தார்.

சோதனை தேறிவிட்டதாக அடுத்த வாரமே கடிதம் வந்தது. மற்ற நாலு கழிப்பறைகளிலும் தொட்டிகளை இறக்கும் வேலையைக் கம்பெனியின் ஃபிட்டர் தொடங்கிவிட்டார். கருவிப் பெட்டியை ஒப்படைக்கச் சொல்லி இன்னொரு கடிதமும் வந்தது. அறுவை சிகிச்சைப் பட்டியலில் வாஷர் நாற்பத்தொன்றாவது ஆள். அந்த மருத்துவமனையில் வாரத்துக்கு நாலு பேருக்குச் செய்கிறார்கள்.